பிரிட்ஜ் போனால் சமையலறையை உடைக்க வேண்டுமா?

கம்ப்யூட்டர் பத்திரிகையில் பிரிட்ஜுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். அவசரப்பட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கும் இதில் விஷயம் இருக்கிறது.

எங்கள் வீட்டில் இருப்பது பில்ட்-இன் பிரிட்ஜ். அதாவது தனியாக ஒரு மூலையில் நிற்காது. சுவரோடு சேர்ந்த உயரமான கப்போர்டுக்குள் உட்கார்ந்திருக்கும். முன்பக்கம் மற்ற கப்போர்டுகளுக்கு இருக்கும் அதே நிறத்தில் கதவு. புதிதாக வீட்டுக்கு வருபவர்கள் தண்ணீர் பாட்டில் எடுக்க நாலு கதவைத் திறந்து பார்த்த பிறகுதான் பிரிட்ஜைக் கண்டுபிடிப்பார்கள். நாங்கள் ஆசைப்பட்டு வாங்கியது அல்ல. 2012ல் இந்த பிளாட்டின் முதல் சொந்தக்காரர், வெளிநாட்டில் பார்த்த மாதிரி அமைத்துக் கொண்டது. வீட்டை அவரிடம் வாங்கியபோது பிரிட்ஜும் சேர்ந்து வந்தது.

கடந்த மே மாதம், கத்திரி வெயிலில், ஒரு சனிக்கிழமை காலை பால் திரிந்து போனது. மதியத்திற்குள் தோசை மாவு பொங்கி வழிந்துவிட்டது. மாவு போனால் போகட்டும். அம்மாவின் இன்சுலின் உள்ளே இருந்தது. திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும். அதைப் பக்கத்து வீட்டு பிரிட்ஜில் வைத்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். ஒரு நாளைக்கு இரண்டு முறை பக்கத்து வீட்டுக் காலிங் பெல்லை அடிப்பது அம்மாவுக்குப் பிடிக்கவே இல்லை. "உன் பிரிட்ஜ் எப்ப வரும்?" என்று என்னை மட்டும்தான் கேட்க முடிந்தது, கேட்டுக் கொண்டே இருந்தார்.

வந்த மெக்கானிக் நல்லவர். எடுத்தவுடன் "போயிடுச்சு சார்" என்று சொல்லவில்லை. முதலில் பிளக் பாயிண்டில் கரண்ட் வருகிறதா என்று பார்த்தார். பிறகு கம்ப்ரஸரை ஸ்டார்ட் செய்யும் ரிலே, தெர்மோஸ்டாட், உள்ளே இருக்கும் ஃபேன், கதவைச் சுற்றியுள்ள ரப்பர் என்று வரிசையாகப் பார்த்தார். இவையெல்லாம் சில நூறு அல்லது சில ஆயிரம் ரூபாயில் மாற்றக் கூடியவை. பிரிட்ஜ் நின்றுவிட்டது என்றதும் புதிது வாங்கக் கிளம்பும் பலருக்கு உண்மையில் போயிருப்பது ரிலேவாகத்தான் இருக்கும். கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை என்றதும் மதர்போர்டு போய்விட்டது என்று பதறுவோம்; பார்த்தால் பவர் கேபிள் லூசாக இருக்கும். அது மாதிரிதான்.

எங்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. கம்ப்ரஸர் ஓடியது, குளிர்ச்சி இல்லை. கேஸ் லீக். இரண்டு வருடம் முன்பு ஒரு தடவை கேஸ் நிரப்பியிருந்தோம், அதுவும் போய்விட்டது. லீக் வெளியே தெரியும் குழாயில் இருந்தால் பற்ற வைக்கலாம். எங்கள் பிரிட்ஜில் அது சுவருக்குள், ஃபோம் அடைத்த இடத்தில் இருந்தது. அந்த ஃபோமை நோண்டி எடுத்தால் பிரிட்ஜ் பிரிட்ஜாக இருக்காது. 12 வருடத்திற்கு மேல் ஓடியாகிவிட்டது, விடை கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தோம்.

தலைவலி அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

மாடுலர் கிச்சன் செய்து தரும் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கப்போர்டைத் திறந்தார், மூடினார், பெருமூச்சு விட்டார். "இந்த மாடல் இப்ப வர்றதில்ல சார். இந்த உயரமான யூனிட்டை எடுத்துடணும். எடுத்தா பக்கத்துல ஓவன் யூனிட்டும் வந்துடும். இந்தக் கலர் ஷீட் இப்ப மார்க்கெட்ல இல்ல, புதுசு போட்டா மேட்ச் ஆகாது. செய்யறதே செய்யறீங்க, மொத்தமா மாத்திடுங்க" என்றார். எவ்வளவு என்று கேட்டேன். ரூ.2,60,000, மூன்று வாரம். பிரிட்ஜ் விலை தனி.

பிரிட்ஜ் கடைக்காரர் வேறு யோசனை சொன்னார். கதவுகளைக் கழற்றி எறிந்துவிட்டு சாதாரண டபுள் டோர் பிரிட்ஜை அந்த இடத்தில் தள்ளிவிடலாம் என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஏன் கூடாது என்று பிறகு சொல்கிறேன்.

இதற்கு ஒரு வாரம் முன்புதான் எதிர் பிளாட்டில் இருக்கும் கல்லூரி மாணவனின் கம்ப்யூட்டர் நின்று போனது. எஸ்.எம்.பி.எஸ். எரிந்துவிட்டது. கேபினட்டின் பின்னால் நாலு ஸ்க்ரூவைக் கழற்றி, வேறு கம்பெனியின் புது எஸ்.எம்.பி.எஸ். ஒன்றை மாட்டி, 20 நிமிடத்தில் ஓட விட்டோம். கேபினட் ஒரு கம்பெனி, மதர்போர்டு ஒரு கம்பெனி, எஸ்.எம்.பி.எஸ். இன்னொரு கம்பெனி. யாரும் யாரையும் கேட்டுச் செய்யவில்லை. ஆனாலும் ஸ்க்ரூ ஓட்டை நேராக வந்து நின்றது. எஸ்.எம்.பி.எஸ். எரிந்ததற்கு யாரும் கம்ப்யூட்டர் டேபிளை உடைக்கச் சொல்லவில்லை.

இது எப்படி நடக்கிறது? புதியவர்களுக்காகச் சொல்கிறேன். 1995ல் இன்டெல் நிறுவனம் ஏ.டி.எக்ஸ். என்ற அளவு முறையை வெளியிட்டது. மதர்போர்டு இத்தனை மில்லி மீட்டர், ஸ்க்ரூ ஓட்டைகள் இந்தந்த இடத்தில், எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பின்பக்கம் 150 மி.மீ. அகலம், 86 மி.மீ. உயரம் என்று எழுதி வைத்தார்கள். கேபினட் செய்பவர் அந்த அளவுக்குக் குழி வைத்தார், எஸ்.எம்.பி.எஸ். செய்பவர் அந்த அளவுக்குப் பெட்டி செய்தார். ஏறத்தாழ 30 வருடம் கழித்தும் அந்தக் குழியில் இந்தப் பெட்டி உட்காருகிறது. வாங்கியவன் பிழைத்தான்.

அன்று இரவு எனக்குத் தோன்றிய கேள்வி இதுதான். பிரிட்ஜுக்கு மட்டும் இப்படி ஒரு அளவு இருக்காதா? ஐரோப்பாவில் லட்சக்கணக்கான வீடுகளில் பில்ட்-இன் பிரிட்ஜ் இருக்கிறது. ஒவ்வொரு பிரிட்ஜ் சாகும்போதும் அவர்கள் சமையலறையை இடித்துக் கொண்டா இருப்பார்கள்?

இருக்கிறது. ரொம்ப நாளாகவே இருக்கிறது. நம்மிடம் சொல்வதற்குத்தான் ஆள் இல்லை.

பில்ட்-இன் பிரிட்ஜ் உட்காரும் அந்தக் குழியை நம் பழைய வீடுகளின் விளக்கு மாடத்தை நினைத்துக் கொண்டு மாடம் என்றே சொல்கிறேன். ஐரோப்பிய முறையில் மாடத்தின் உள் அகலம் 56 செ.மீ., ஆழம் குறைந்தது 55 செ.மீ. உயரம் மட்டும் சில படிகளாக வரும். மேடைக்கு அடியில் வைப்பது 82 செ.மீ. அதற்கு மேல் 88, 102, 122, 140, 178 செ.மீ. என்று போகும். பிரிட்ஜும் ஃப்ரீஸரும் சேர்ந்த உயரமான வகைக்குப் பெரும்பாலும் 178தான். எந்தக் கம்பெனியின் 178 என்றாலும் அந்த மாடத்துக்காகச் செய்ததுதான். பிரிட்ஜ் மட்டும் சுமார் 177 செ.மீ. உயரம், 54 முதல் 56 செ.மீ. அகலம் இருக்கும்.

டேப்பை எடுத்தேன். எங்கள் மாடத்தின் உள் அகலம் 56.2. ஆழம் 56. உயரம் 178.5. ஆக, "இந்த மாடல் இப்ப வர்றதில்ல" என்பது உண்மை. அந்த மாடல் வருவதில்லை. அந்த அளவு வருகிறது. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தின் விலைதான் ரூ.2,60,000.

கிச்சன்காரர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. அவருக்குத் தெரிந்தது பலகையும் ஷீட்டும். பிரிட்ஜ் கடைக்காரருக்குத் தெரிந்தது பிரிட்ஜ். இரண்டும் சந்திக்கும் அந்த மாடம் யார் பொறுப்பிலும் இல்லை. அது நம் பொறுப்பு. டேப்பும், ஒரு கம்ப்யூட்டரும் வைத்திருப்பவர் பொறுப்பு.

நீங்களும் அளக்கும்போது உள் அளவை அளங்கள். வெளியே தெரியும் கதவின் அகலம் 60 செ.மீ. இருக்கும், அது கணக்கில்லை. மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் அளந்து குறைந்ததை எடுத்துக் கொள்ளுங்கள். நம் ஊர்த் தச்சு வேலையில் மூன்றும் ஒன்றாக இருந்தால் உங்கள் தச்சருக்கு வேட்டி எடுத்துக் கொடுக்கலாம். ஆழத்தை அளக்கும்போது பின்சுவரில் துருத்திக் கொண்டிருக்கும் பிளக் பாயிண்டையும் மறந்துவிடாதீர்கள்.

அடுத்து கம்ப்யூட்டர். பிரிட்ஜின் உள்பக்கச் சுவரில், காய்கறி டிரேக்குப் பக்கத்தில், ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் உள்ள மாடல் எண்ணை மொபைலில் படம் எடுத்துக் கொள்ளுங்கள். கூகுளில் அந்த எண்ணை இரட்டை மேற்கோள் குறிக்குள் டைப் செய்து தேடினால் அந்த எண் அப்படியே உள்ள பக்கங்கள் முன்னே வரும். கம்பெனியின் சொந்தத் தளத்தில் பொருத்தும் கையேடு பி.டி.எப். ஆகக் கிடைக்கும். பழைய பிரிட்ஜின் கையேட்டையும், வாங்க நினைக்கும் புது மாடலின் கையேட்டையும் இறக்கிப் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்துப் பாருங்கள். 60 பக்கத்தையும் படிக்க வேண்டாம். கண்ட்ரோல் விசையுடன் எஃப் விசையை அழுத்தி, "நிச்" என்பதற்கான ஆங்கிலச் சொல்லான என், ஐ, சி, எச், ஈ என்ற எழுத்துக்களைக் கொடுத்தால் மாடத்தின் அளவு உள்ள பக்கத்துக்கே போய்விடும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கையேடு தருகிறோம் என்று சொல்லும் சில தளங்கள் பி.டி.எப். தராமல் ஒரு இ.எக்ஸ்.இ. பைலை இறக்கச் சொல்லும். பிரிட்ஜ் கையேட்டுக்கு எதற்கு இ.எக்ஸ்.இ.? அதை இயக்கினால் பிரிட்ஜோடு கம்ப்யூட்டரும் போய்ச் சேரும். மூடிவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

நான் ஒரு எக்செல் ஷீட் போட்டேன். வரிசைக்கு ஒரு மாடல், பத்திக்கு ஒரு அளவு. நம் நாட்டில் கிடைக்கும் ஏழு மாடல்கள் தேறின. உயரம், அகலம், ஆழம் மூன்றிலும் ஏழுமே பாஸ். அன்றைக்கே ஆர்டர் செய்திருந்தால் மாட்டிக் கொண்டிருப்பேன். இன்னும் சில விஷயங்கள் இருக்கின்றன, அவற்றை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை.

பெரிய பொறி, கதவுக் கோடு. எங்கள் கப்போர்டில் மேலே பிரிட்ஜுக்கு ஒரு பெரிய கதவு, கீழே ஃப்ரீஸருக்கு ஒரு சின்னக் கதவு. இரண்டும் சந்திக்கும் கோடு மாடத்தின் அடியிலிருந்து 70 செ.மீ. உயரத்தில் வருகிறது. புதுப் பிரிட்ஜின் உள்கதவுகள் பிரியும் இடமும் ஏறத்தாழ அங்கேயே வர வேண்டும். சில மாடல்களில் பிரிட்ஜும் ஃப்ரீஸரும் பாதிக்குப் பாதி இருக்கும், கோடு நடுவில் வரும். அதை வாங்கி வைத்தால் ஃப்ரீஸரின் கதவு பாதி மேல் பலகைக்குப் பின்னால், பாதி கீழ்ப் பலகைக்குப் பின்னால். ஒன்றைத் திறந்தால் மற்றது இழுபடும். மாடம் சரியாக இருந்தும் புதுக் கதவு செய்ய வேண்டி வரும், நிறமோ மார்க்கெட்டில் இல்லை. கிச்சன்காரர் சொன்ன இடத்துக்கே திரும்பி வந்துவிடுவோம். ஏழில் மூன்று இங்கே அடிபட்டன.

அடுத்தது கீல். பலகைக் கதவை பிரிட்ஜ் கதவோடு சேர்ப்பதில் இரண்டு வகை உண்டு. ஒன்றில், பலகைக் கதவுக்குக் கப்போர்டில் தனியாகக் கீல் இருக்கும். பிரிட்ஜ் கதவுக்கும் அதற்கும் நடுவே ஒரு சறுக்கும் பட்டி இருக்கும். திறக்கும்போது ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிக் கொண்டு போகும். இன்னொன்றில் பலகைக் கதவு நேராக பிரிட்ஜ் கதவின் மேலேயே திருகப்பட்டிருக்கும். கப்போர்டில் கீலே கிடையாது, பிரிட்ஜின் கீல்தான் மொத்த எடையையும் தாங்கும். எங்கள் பழையது முதல் வகை. நான் தேர்ந்தெடுத்தது இரண்டாம் வகை. இது பெரிய பிரச்சினை இல்லை. பழைய கீல்களைக் கழற்றிவிட்டு, பலகையில் இருந்த 35 மி.மீ. வட்டக் குழிகளுக்கு பிளாஸ்டிக் மூடி போட்டுவிட்டோம். ஆனால் புதுப் பிரிட்ஜின் கீல் எவ்வளவு எடை தாங்கும் என்று கையேட்டில் பார்க்க வேண்டும். கதவை எப்படி எடை போடுவது? பாத்ரூமில் இருக்கும் எடை மெஷினில் கதவைத் தூக்கிக் கொண்டு ஏறி நின்றேன். பிறகு கதவில்லாமல் நின்றேன். கழித்தால் மேல் கதவு 9 கிலோ சொச்சம், கீழ்க் கதவு 6 கிலோ. எல்லைக்குள்தான் இருந்தது. (என் எடையைப் பற்றி இங்கே பேச வேண்டாம்.)

மூன்றாவதை நம் ஊருக்காகவே அழுத்திச் சொல்கிறேன். அதே ஸ்டிக்கரில் கிளைமேட் கிளாஸ் என்று எஸ்.என்., என்., எஸ்.டி., டி. என்ற எழுத்துக்களில் ஏதாவது இருக்கும். பிரிட்ஜ் நிற்கும் அறையின் வெப்பம் எது வரை போகலாம் என்பதற்கான குறியீடு அது. எஸ்.என்., என். இரண்டும் 32 டிகிரி வரைதான். எஸ்.டி. 38 வரை. டி. என்றால் 43 வரை. மே மாதம் மதியம் இரண்டு அடுப்பு எரியும் நம் சமையலறையில் 32 டிகிரி என்பது கனவு. வெறும் என். போட்ட பிரிட்ஜை இங்கே வைத்தால் நாள் முழுக்க கம்ப்ரஸர் நிற்காமல் ஓடும். ஏழில் மீதியிருந்த நான்கில் டி. வரை போட்டிருந்தவை இரண்டுதான்.

அடுத்து காற்று. பழைய பிரிட்ஜை வெளியே இழுத்தபோதுதான் அது ஏன் அவ்வளவு சிரமப்பட்டது என்று எனக்கே புரிந்தது. பிரிட்ஜ் உள்ளே இருக்கும் சூட்டை எடுத்து வெளியே விடும் மெஷின். கப்போர்டுக்குள் இருக்கும் பிரிட்ஜுக்கு, அடியில் இருக்கும் ஸ்கர்ட்டிங் பலகையின் வழியாகக் குளிர்ந்த காற்று நுழைந்து, பின்பக்கமாக ஏறி, மேலே வெளியேற வேண்டும். உள்ளே வரவும் வெளியே போகவும் குறைந்தது 200 சதுர செ.மீ. திறப்பு வேண்டும் என்று பல கையேடுகளில் படமே போட்டிருக்கிறார்கள். கணக்குப் போட்டால் 50 செ.மீ. நீளம், 4 செ.மீ. உயரத்தில் ஒரு வெட்டு. எங்கள் வீட்டில்? கீழே கரப்பான்பூச்சி வரக் கூடாது என்று ஸ்கர்ட்டிங்கை சிலிகான் வைத்து அடைத்திருந்தார்கள். மேலே லாஃப்ட்டுக்கு அடியில் ப்ளைவுட். ஏர் கண்டிஷன் செய்த சவப்பெட்டி மாதிரி. கம்ப்யூட்டரை டேபிளின் மூடிய கப்போர்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, ஏன் ஹேங் ஆகிறது என்று கேட்பவர்கள் இருக்கிறார்களே, அதே கதை. பழைய பிரிட்ஜ் இத்தனை வருடம் ஓடியதே பெரிய விஷயம்.

கடைக்காரரின் யோசனை ஏன் சரியில்லை என்பதும் இதில்தான் இருக்கிறது. உங்கள் வீட்டு சாதாரண பிரிட்ஜின் பக்கவாட்டைத் தொட்டுப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் இதமாகச் சுடும். சூட்டை வெளியே விடும் குழாய் அந்தப் பக்கச் சுவருக்குள்தான் ஓடுகிறது. அதற்கு இரண்டு பக்கமும் இடம் விட வேண்டும். அதைக் கொண்டு போய் 56 செ.மீ. மாடத்தில் நெருக்கித் தள்ளினால் சூடு போக வழி இல்லை. ஆழமும் ஒத்து வராது. டபுள் டோர் வகைகள் பொதுவாக 60 செ.மீ.க்கு மேல் ஆழம் இருக்கும், கப்போர்டை விட்டு வெளியே மூக்கை நீட்டும். ஏற்கெனவே திறந்த இடமாக, அகலமாக இருந்தால் வேறு விஷயம்.

இன்னொரு யோசனையும் வந்தது. அமெரிக்காவில் இருக்கும் உறவினர் ஒருவர், அங்கே பில்ட்-இன் நிறையக் கிடைக்கிறது, கண்டெய்னரில் அனுப்புகிறேன் என்றார். அங்கே கணக்கே வேறு. 36, 42, 48 அங்குல அகலம், 84 அங்குல உயரம் என்று போகும். அதோடு அங்கே கரண்ட் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம்முடையது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அன்புக்கு நன்றி சொல்லி மறுத்துவிட்டேன்.

கடைசியில் மிஞ்சிய இரண்டில் ஒன்றை ரூ.92,000க்கு வாங்கினோம். மலிவு என்று சொல்ல மாட்டேன். இதே கொள்ளளவுக்குச் சாதாரண பிரிட்ஜ் இதில் பாதிக்கும் குறைவாகக் கிடைக்கும். ஆனால் இதற்கு மேல் செலவானது தச்சருக்கு ஒரு நாள் கூலி, கிரில், ஸ்க்ரூ எல்லாம் சேர்த்து ரூ.3,800. வேலை நடந்த அன்றும் மதியச் சாப்பாடு அதே சமையலறையில்தான்.

பொருத்துவதில் சொல்ல அதிகம் இல்லை. பழைய பிரிட்ஜ் மேலேயும் பக்கத்திலும் சின்னக் கிளாம்புகளால் கப்போர்டில் திருகப்பட்டிருக்கும், அதைக் கழற்றாமல் இழுத்தால் கப்போர்டே கூட வரும். பிளக் பாயிண்ட் பின்னால் இருந்ததைப் பக்கத்துக் கப்போர்டுக்கு மாற்றச் சொன்னேன். பின்னால் இருந்தால் ஒவ்வொரு தடவை பிளக்கைப் பிடுங்கவும் பிரிட்ஜையே வெளியே இழுக்க வேண்டும். புதுப் பிரிட்ஜைப் படுக்க வைத்துக் கொண்டு வந்திருந்தால் நிமிர்த்தி வைத்துச் சில மணி நேரம் கழித்து ஆன் செய்யுங்கள், கம்ப்ரஸர் எண்ணெய் அதன் இடத்துக்குத் திரும்ப வேண்டும். பழையதை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பிரிட்ஜும் மின்கழிவுச் சட்ட விதிகளுக்குள் வருகிறது. புது பிரிட்ஜ் விற்ற கடையே எங்களுடையதை எடுத்துக் கொண்டது.

என்னைக் கேட்டால், நம் ஊரில் புதிதாகச் சமையலறை அமைப்பவர்கள் பில்ட்-இன் பக்கம் போகவே வேண்டாம். விலை அதிகம், மாடல்கள் குறைவு, நம் வெயிலில் அடைத்து வைத்த பெட்டி. 75 செ.மீ. அகலத்தில் மேலும் பக்கமும் காற்றாட ஒரு இடம் விட்டால் எந்த பிரிட்ஜும் வரும், போகும். மாடத்தை மெஷினுக்காகச் செய்யக் கூடாது. மாடம் 30 வருடம் இருக்கும், மெஷின் 12 வருடம் இருக்கும். ஆனால் ஏற்கெனவே இருப்பவர்கள் யார் பேச்சையும் கேட்டு உடைக்கவும் வேண்டாம்.

கம்ப்யூட்டர் வாங்குபவர்களிடமும் இதையே சொல்கிறேன், கொஞ்சம் கோபமாகவே. 1995ல் எழுதி வைத்த அந்த நல்ல அளவு முறையை இப்போது நாமே விட்டுக் கொடுத்துக் கொண்டிருக்கிறோம். மெலிதாக, அழகாக இருக்கிறது என்று வாங்கும் சில பிராண்டட் டெஸ்க்டாப்களில் எஸ்.எம்.பி.எஸ். அந்தக் கம்பெனிக்கே உரிய வடிவம், கனெக்டரும் வேறு. மானிட்டருக்குள்ளேயே எல்லாம் அடங்கிய ஆல்-இன்-ஒன்னில் திரை போனால் கம்ப்யூட்டரும் போன மாதிரி. பல மெல்லிய லேப்டாப்களில் ரேம் மதர்போர்டிலேயே பற்ற வைக்கப்பட்டிருக்கிறது. வாங்கும்போது கேட்டால் "அதெல்லாம் போகாது சார்" என்பார்கள். எங்கள் பிரிட்ஜை விற்றவரும் 2012ல் அப்படித்தான் சொல்லியிருப்பார். கடையில் என்ன கேட்க வேண்டும் என்றால், இது போனால் வேறு கம்பெனியுடையது இதே இடத்தில் உட்காருமா என்று கேளுங்கள். பதில் வரத் தாமதமானால் அடுத்த மாடலைப் பாருங்கள்.

அம்மாவின் இன்சுலின் பத்தாவது நாள் வீட்டுக்குத் திரும்பியது. மாடத்தின் அளவுகள், கதவுக் கோட்டின் உயரம், கதவுகளின் எடை எல்லாவற்றையும் எக்செல்லிலிருந்து ஒரு பக்கமாக பிரிண்ட் எடுத்து, பிளக் பாயிண்ட் இருக்கும் கப்போர்டின் உள்கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன். மேல் கதவு மட்டும் பக்கத்துக் கதவைவிட 3 மி.மீ. தாழ்ந்திருக்கிறது. தச்சர் அடுத்த ஞாயிறு வந்து சரி செய்வதாகச் சொல்லியிருக்கிறார். சொல்லி ஆறு ஞாயிறு ஆகிவிட்டது.